சாம்பல் மேட்டில் ஒரு தெளிந்த பகல்

ஹட்சன் விரிகுடா, மேற்குக் கரை
2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்புள்ள மகள் உலாயுக்குக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வின்னிபெக்கில் நன்றாக இருக்கிறாய் என்று உன் சித்தி சொல்லித்தான் தெரியும், உன் குரலை நான் கேட்டு நாலு மாதம் ஆகிறது. இந்த வருஷம் கடல் பனி ஜூலை தொடக்கத்திலேயே போய்விட்டது, வலையில் சார் மீன் நிறைய, உன் அம்மா பிளந்து கீறி வீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறாள், காற்று விடாமல் அடிப்பதால் ஈ அண்டவில்லை. அவளுக்கு வலது முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது, நர்ஸ் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறாள், நீ போனில் ஒரு அதட்டு அதட்டினால் கேட்பாள், நான் சொல்லிக் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. போன வாரம் குப்பை கொட்டும் இடத்தில் ஒரு வெள்ளைக் கரடி வந்து புரட்டிவிட்டுப் போனது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்துவிட்டு வெறும் காபியோடு படுத்துவிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், அப்படிச் செய்யாதே, அம்மா அனுப்பும் உலர்ந்த மீனில் ஒரு துண்டாவது தின்றுவிட்டுப் படு.

அன்புள்ள அண்ணா என்றுதான் எழுதத் தொடங்கினேன், எழுதி அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். நீ பிறந்த அன்று உனக்கு உலாயுக் என்ற பெயரை வைத்தவள் உன் அம்மா. செத்துப்போன என் அண்ணன் பெயர் அது. பெயர் வந்தால் ஆளும் வந்தமாதிரி என்பது நம்மிடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால்தான் தொட்டிலில் கிடந்த உன்னை நான் அண்ணா என்றேன், நீ பேசத் தொடங்கியதும் என்னைத் தம்பி என்றாய், கூட்டுறவுக் கடையில் தெற்கிலிருந்து வந்த ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பெயர் வேண்டாம் என்று நான் அன்று உன் அம்மாவிடம் சொன்னது உனக்குத் தெரியாது. காரணம் கேட்டாள், சொல்லவில்லை. ஏப்ரலில் ஊர் மன்றத்தில் நான் பேசியதை அன்றைக்கே நாலு பேர் போன் செய்து உனக்குச் சொல்லியிருப்பார்கள். நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை, அப்புறம் நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். மற்றவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது, ஆனால் அது என் கையால் உனக்கு வரவேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் ஜூலையில் நிலத்தை அளந்து படம் போடுகிறவர்கள் ஐந்து பேர் வந்தார்களே, அவர்களுக்குக் கரடிக் காவலாக என்னை எடுத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும், புதுத் தொப்பி கொடுத்தார்கள் என்று போட்டோ கூட அனுப்பினேன். மேற்கே போடும் சாலைக்கும் விமான ஓடுபாதையை நீட்டுவதற்கும் நல்ல சரளை எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதுதான் வேலை. அவர்களுக்குத் தலைவி ஓடெட் என்று ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், மண்வெட்டியை என்னிடம்கூடக் கொடுக்கமாட்டாள், தானே குழி தோண்டி மண்ணை விரலில் தேய்த்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள், பல்லில் நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். கூழாங்கற்களை நூறு நூறாக எண்ணி நிறம் பிரித்து வைப்பாள். மான்கள் நடக்கும் நீண்ட மணல்மேடுகள் இருக்கின்றனவே, நாம் கூடாரம் போடுவதும் ஓநாய் குகை தோண்டுவதும் அதில்தானே, அதைப் பற்றி அவள் சொன்னாள், "அன்செல்ம், இது ஒரு காலத்துல பனிக்கு அடியில ஓடின ஆறு. பனி உருகிப் போச்சு, தண்ணியும் போச்சு. அது தூக்கிட்டு வந்த கல்லும் மணலும் மட்டும் ஆறு போன தடத்துலயே அப்படியே நிக்குது." நான் சிரித்துக்கொண்டு, அப்படியென்றால் எங்கள் மான்கள் இத்தனை காலம் ஆற்றின் முதுகெலும்பில் நடந்திருக்கின்றன என்றேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாம் நாள் ஹெலிகாப்டர் எங்களை இறக்கிய இடம் சிவப்பு மேடு.

அந்த மேட்டில் நான் கால் வைத்து நாற்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாம்பல் மேடு, அந்தப் பக்கம் மூன்று மைல் தள்ளி சிவப்பு மேடு, இரண்டும் ஒரே உயரம், ஒரே மாதிரி வளைவு, இரண்டின் காலடியிலும் ஒரு வட்டக் குளம். தூரத்திலிருந்து பார்த்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள். கல்தான் வித்தியாசம். மேற்கே எங்கோ உள்நாட்டிலிருந்து பனி இழுத்துவந்த சிவப்புக் கல் அந்தப் பக்கத்து மேட்டில் பாதிக்குப் பாதி கிடக்கும், இந்தப் பக்கத்தில் தேடித்தான் பொறுக்கவேண்டும். ஓடெட் சாம்பல் மேட்டில் எண்ணியபோது நூற்றுக்கு ஆறு, சிவப்பு மேட்டில் நாற்பத்துமூன்று. அவள் எண்ணி முடித்து நோட்டில் எழுதும்வரை நான் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். எனக்கு அந்த எண்ணிக்கை பத்தொன்பது வயதிலேயே தெரியும்.

1971 ஏப்ரலில் நானும் அண்ணனும் மான் தேடி அந்த மேட்டுக்குப் போனோம். அவனுக்கு இருபத்துநாலு வயது. எங்கள் அப்பா புதிதாக வாங்கிய பனிவண்டி, பின்னால் சறுக்குப்பலகையில் கூடாரமும் ஸ்டவ்வும். உன் அம்மா அப்போது அவனுக்குப் பேசி வைத்த பெண், கோடையில் பாதிரியார் வந்ததும் கல்யாணம் என்று இருந்தது, அவன் கையில் போட்டிருந்த கையுறை அவள் தைத்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை அவன் மேட்டு விளிம்பில் நின்று தூரம் பார்த்துக்கொண்டிருந்தான், காற்று சேர்த்துவைத்த பனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை, அது உடைந்து கீழே பாறைகளுக்கு நடுவில் விழுந்தான். இடது தொடை எலும்பு போயிற்று. நான் இறங்கி ஓடியபோது அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சொன்னான், "மூணு நாளா ஒரு மானும் ஆப்புடல. இன்னிக்கு எங்காலுதான் வேட்டை." அவனை இழுத்து மேலே கூடாரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கவே மதியம் ஆகிவிட்டது. வண்டியில் எண்ணெய் குறைவு, பலகையையும் ஆளையும் சேர்த்து இழுத்தால் பாதி வழிகூட வராது, நான் தனியே போனால் ஊர்ப்பக்கம் சேரலாம் என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். காற்றுக்குக் கூடாரம் பறக்காமல் ஓரமெல்லாம் கல் பொறுக்கி வைத்தது நான்தான். மேட்டு உச்சியில் பனி நிற்காது, கல் வெறுமையாகக் கிடக்கும். வைத்ததெல்லாம் சிவப்பு. துப்பாக்கியை அவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன், அவன் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போடா. வழியில கரடி வந்தா எதைக் காட்டுவ, பல்லையா?" என்றான். எடுத்துக்கொண்டேன். நாலு நாளைக்குச் சாப்பாடும் ஸ்டவ்வுக்கு எண்ணெயும் அவனிடம் இருந்தது.

பாதி வழியில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டது, எண்ணெயும் தீர்ந்தது, மிச்சம் இருபது மைல் நடந்தேன், அதில் எங்கே திரும்பினேன் எங்கே நேராக வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் ஊருக்கு வந்து விழுந்தேன். அதற்கு மறுநாள் அப்பாவும் பார்னபாஸும் அவர் தம்பியும் நானுமாக நாலு பேர் கிளம்பினோம். இன்றைக்கு நடக்கமுடியாமல் மன்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே பார்னபாஸ், அப்போது அவருக்கு முப்பது வயது, அண்ணனோடு எத்தனையோ தடவை வேட்டைக்குப் போனவர். வழியில் அவர் வண்டியை நிறுத்தி, "இன்னும் இடப்பக்கம் ஒதுங்கணும்டா. உங்கண்ணன் எப்பவும் ஆத்துக்கு அந்தாண்டதான் கூடாரம் போடுவான்" என்றார். எனக்குத் தூக்கம் இல்லை, கால்விரல் இரண்டு கறுத்திருந்தது, அவர் என்னைச் சின்னப் பையன் என்று நினைக்கிறார் என்று கோபம் வந்தது. "விட்டுட்டு வந்தவன் நானா நீயா?" என்று கத்தினேன். அப்பா இருவரையும் பார்த்தார், அப்புறம் பார்னபாஸிடம், "அவன்தானே வந்தான். அவன் சொல்றபடி போவோம்" என்றார். அப்படித்தான் நான் எல்லாரையும் சாம்பல் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவன் விழுந்த நாலாம் நாள் காலை மேட்டில் ஏறினோம். இரவு முழுக்க மூடியிருந்த வெள்ளை விலகி வானம் கழுவிவைத்ததுபோல் இருந்தது, அப்படி ஒரு தெளிந்த பகலை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை பின்னும் பார்க்கவில்லை. கூடாரம் இல்லை. அப்பா முன்னால் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பூட்ஸ் வாரை இறுக்கக் குனிந்தேன், தரையில் கல்லைப் பார்த்தேன். எல்லாம் சாம்பல் நிறம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் சாம்பல். நிமிர்ந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெயிலில் அந்த இன்னொரு மேடு நீளமாகப் படுத்திருந்தது. எனக்கு எல்லாம் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது உலாயுக், சந்தேகம் என்று ஒன்றே இல்லை. அப்பா திரும்பி வந்து, "இங்கதானா?" என்று கேட்டார். பார்னபாஸ் பக்கத்தில் நின்றார். நான், "இங்கதான்" என்றேன்.

கூடாரம் எங்கே என்று பார்னபாஸ் கேட்டதற்கு, காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கும், அவன் தவழ்ந்து எங்காவது ஒதுங்கியிருப்பான் என்றேன். அந்தக் காலோடு ஆற்றைத் தாண்டி மூன்று மைல் போயிருக்கமுடியாது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு சுற்றுப்புறத்திலேயே பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். அரை மணிக்கு ஒருதடவை மூன்று வெடி வெடித்தோம். காற்று எங்களிடமிருந்து அந்த மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய், மன்றத்தில் எல்லார் கண்ணிலும் அந்தக் கேள்விதான் இருந்தது. கத்திவிட்டேனே, அப்பா என் சொல்லை நம்பி வந்தாரே, இப்போது எப்படி இல்லை என்பது என்று முதலில் ஒரு மணி நேரம் போயிற்று. சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் சாயங்காலம் கூடாரத்தில் அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சாயங்காலம் காற்று வந்துவிட்டது. மூன்று நாள் கூடாரத்தை விட்டு ஒருவரும் வெளியே தலைநீட்ட முடியவில்லை. அது நின்றபோது சாப்பாடு தீர்ந்து ஊர் திரும்பினோம், போலீஸ் விமானம் வந்து ஒருநாள் சுற்றிப் பார்த்தது, எல்லாம் பனிக்கு அடியில். அதற்குப் பிறகு சொன்னால் என்ன அர்த்தம் ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோடையில் அப்பா சாம்பல் மேட்டுக் குளத்தில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் கயிறு பிடித்தேன். இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். அவர் மனசு உடையக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய், என் மனசைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வசந்தத்திலும் தனியாகத் தேடப் போவேன், ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவார்கள், ஆற்றங்கரைவரை போய் அந்த மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நம் ஊரார் யாரும் அந்தச் சாவுக்குப் பிறகு ஆற்றைத் தாண்டிக் கூடாரம் போடுவதில்லை, அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஓடெட்தான் முதலில் பார்த்தாள். உச்சியில் ஐந்து சிவப்புக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஒரு சின்னக் குவியல், கொஞ்ச தூரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அவள் மண்டியிட்டுக் கல்லின் மேல் படர்ந்த கற்பாசியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பழங்காலத்தது இல்ல. புரட்டி வெச்சு அம்பது வருஷம் இருந்தா அதிகம். யாரு வெச்சது அன்செல்ம்?" என்றாள். நரிப்பொறி வைத்தவர்களின் அடையாளம் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது கரடித் தடம் பார்க்கிறேன் என்று சொல்லி நான் அந்தக் குவியல்களின் பின்னால் போனேன். கூடாரம் இருந்த இடத்தில் நான் வைத்த கல் வட்டம் அப்படியே இருந்தது, பலகையின் இரண்டு கட்டை, துருப்பிடித்த ஸ்டவ். அங்கிருந்து முப்பத்தொரு குவியல். முதலில் ஐந்து ஐந்தாக, அப்புறம் மூன்று, அப்புறம் இரண்டு. பாதி தூரம் மேட்டின் உச்சியிலேயே போய்விட்டுச் சரிவில் இறங்கி ஆற்றுப் பக்கம் திரும்பின. கீழே சமநிலத்தில் சிவப்புக் கல் கிடையாது, எல்லாம் சாம்பல் நிறக் களிமண், கோடையில் உள்ளிருந்து பொங்கிப் புரளும் சேறு. அந்தச் சேற்றில் ஒற்றை ஒற்றையாகச் சிவப்புக் கல் கிடந்தது, கோணல்மாணலாக. அவன் பனியின் மேல் வைத்திருக்கிறான், பனி உருகியதும் அவை இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. மேட்டிலிருந்து கல்லைச் சுமந்துகொண்டு அந்தக் காலோடு தவழ்ந்திருக்கிறான்.

கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் உட்கார்ந்திருப்பவன் என்று சொல்கிற அந்த ஒற்றைப் பெரும்பாறை. பனி விட்டுப்போன பாறை, வீட்டளவு இருக்கும். காற்றுக்கு மறைவான பக்கம் முதலில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். கத்தி அங்கே இருந்தது, மான்கொம்புப் பிடியில் அவன் செதுக்கிய மூன்று கோடு. இடுப்புவார்க் கொக்கி. நரிகள் விட்டுவைத்த எலும்பு கொஞ்சம். காற்று நேராக முகத்தில் அடிக்கிற பக்கம் அது. ஏன் இந்தப் பக்கம் உட்கார்ந்தான் இவன் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன், எதிரே ஆற்றுக்கு அப்பால் சாம்பல் மேட்டின் உச்சி துல்லியமாகத் தெரிந்தது, ஆட்கள் நின்றால் எண்ணிவிடலாம். அவன் எங்களைப் பார்த்திருக்கிறான். வெடிச் சத்தமும் கேட்டிருக்கும். பதில் வெடி வெடிக்கத் துப்பாக்கி என்னிடம் இருந்தது. நான் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய் ஓடெட்டிடம் கரடித் தடம் இல்லை என்றேன். அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரை நின்றுகொண்டே குடித்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை என்று நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோபித்துக்கொண்டாய். எனக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கல்லின் மேல் கல்லை வைக்கிற சத்தம், மெதுவாக, விரல் விறைத்தவன் வைக்கிறமாதிரி. கோயிலில் பாட்டுக்கு நடுவில் கேட்கும், கடையில் மாவு வாங்க நிற்கும்போது பின்னால் கேட்கும், ஒருநாள் நீ மேசையில் கோப்பையை வைத்தாய், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ தம்பி என்று கூப்பிடும்போதெல்லாம் கூப்பிடுவது யார் என்று தெரியாமல் நின்றேன்.

ஏப்ரலில் ஊர் மன்றத்தில் கூட்டம். தெற்கிலிருந்து வந்த பொறியாளர் சுவரில் ஓடெட் போட்ட படத்தை மாட்டி, சிவப்பு மேட்டில்தான் முதல்தரச் சரளை, இந்த வருஷம் கோடையிலேயே அதை வெட்டி எடுக்கலாம், அங்கே கல்லறை ஏதாவது உண்டா என்று கேட்டார், மொழிபெயர்க்கிற பெண் நம் மொழியில் கேட்டாள். பார்னபாஸ், "அந்தப் பக்கம் நம்மாளு யாரும் சாகலையே" என்றார். நான் எழுந்தேன். கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உனக்கு இங்கே எழுதியதை எல்லாம் அங்கே சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை, ஆனால் கல்லின் நிறத்தைச் சொன்னேன், இங்கதான் என்று சொன்னதைச் சொன்னேன். பாதியிலேயே மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பொறியாளர் என்ன என்ன என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்னபாஸ் கத்தியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு பேரு போனோம். நான் ஒரு தரம் குனிஞ்சு கல்லைப் பாத்திருந்தா போதும்" என்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் தேநீர் போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா அடுப்பை அணைத்தாள், மேலங்கியை மாட்டிக்கொண்டாள், என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

ஐந்து வாரம் அவள் உன் சித்தி வீட்டில் இருந்தாள். மே மாதம் ஒருநாள் காலை வாசலில் வந்து நின்று, "வண்டிய எடு. அவனக் காட்டு" என்றாள். போக வர எண்பது மைலும் என் முதுகைப் பிடிக்காமல் சறுக்குப்பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சிவப்பு மேட்டில் உச்சி காய்ந்து கிடந்தது, வீங்கிய முழங்காலோடு ஒவ்வொரு குவியலிடமும் குனிந்து மேல்கல்லைத் தொட்டுவிட்டு நடந்தாள், நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டாள். சமநிலத்தில் இன்னும் பனி இருந்ததால் கற்கள் தெரியவில்லை, பாறையை நான் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் போய் அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சாம்பல் மேட்டைப் பார்த்தாள். நான் மண்டியிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எங்கிட்டக் கேக்காத. நான் அவன் இல்ல" என்றாள். அப்புறம் சொன்னாள், "ஒன்னக் கட்டிக்கச் சொல்லி எங்கப்பா கேட்டப்ப நான் எதுக்குச் சரின்னேன் தெரியுமா? ஊரே விட்டப்புறமும் அவனத் தேடிப் போனவன் நீ ஒருத்தன்தான்னு." அவளுக்காகத்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேனா என்று அவள் கேட்கவில்லை. நான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அப்படி இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது, ஆனாலும் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, இதையும் உனக்கு மறைக்கவேண்டாம் என்று எழுதுகிறேன். கிளம்பும்போது அவள் சொன்னது இது: "நீ கேக்க வேண்டியவன் வின்னிபெக்ல இருக்கான். அவனுக்கு எழுது. அவன் என்ன சொல்றானோ அதுக்கப்புறம் பாக்கலாம்." அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள், சமைக்கிறாள், மீன் கீறுகிறாள், என் சட்டையையும் துவைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. அவள் எழுது என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இந்தக் கடிதத்தை ஒன்பது தடவை தொடங்கினேன்.

சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன், நிற்கவில்லை, அதற்கு நான் பழகிக்கொள்ளவேண்டும் என்று தெரிகிறது. ஜூனில் போலீஸ்காரரும் நர்ஸும் வந்து எலும்புகளை எடுத்து எழுதிக்கொண்டு ஒரு பெட்டியில் வைத்தார்கள், பெட்டி கோயிலில் இருக்கிறது, பார்னபாஸ் தினமும் யாரையாவது சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார், போகும்போது நேற்றைய வானிலையும் வேட்டைக் கதையும் அதனிடம் சொல்கிறாராம். ஓடெட்டுக்கும் எழுதி அந்த நரிப்பொறிப் பொய்யைத் திருத்தச் சொன்னேன், படத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் போடட்டும் என்று கேட்டிருக்கிறாள், நீ சொல். பாதிரியார் செப்டம்பர் பதினாலாம் தேதி வருகிறார். உன் அம்மா உனக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சித்தி சொன்னாள். சிவப்பு மேட்டிலேயே அடக்கம் செய்வதா, ஊர்க் கல்லறையில் எங்கள் அப்பா பக்கத்தில் வைப்பதா என்று ஊரார் கேட்டார்கள், உலாயுக் வந்து சொல்லும் என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு மேட்டைத் தொடுவதில்லை என்று மன்றத்தில் முடிவாகிவிட்டது. அதற்குப் பதிலாகச் சாம்பல் மேட்டை எடுத்துக்கொண்டார்கள், தரம் கொஞ்சம் குறைவு, ஆனால் சாலை அதுவரை போய்விட்டது. ஜூலையிலிருந்து லாரிகள் ஓடுகின்றன, நாங்கள் நாலு பேர் நின்ற அந்த உச்சி இப்போது இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பாதி மேடு வானமாகிவிட்டது. அந்தக் கல்லைத்தான் விமான ஓடுபாதையில் கொட்டி உருட்டுகிறார்கள். நீ வந்து இறங்கும்போது சக்கரம் தொடுவது அதைத்தான், இறங்கி நாலு அடி நீ நடப்பதும் அதன்மேல்தான். நான் வேலியோரம் நிற்பேன். நீ தம்பி என்று கூப்பிட்டாலும் சரி, அப்பா என்று கூப்பிட்டாலும் சரி, ஒன்றும் சொல்லாமல் உன் அம்மாவை மட்டும் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாலும் சரி, நான் அங்கேதான் நிற்பேன். இந்தத் தடவை எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். வரும்போது அம்மா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் இரண்டு குப்பி வாங்கிவா, தடித்த காலுறை எடுத்துக்கொள், செப்டம்பரில் மேட்டின்மேல் காற்று வெட்டும்.

உன்னைப் பெற்றவனும் உனக்குப் பின் பிறந்தவனுமாகிய,
அன்செல்ம்